அமுக்குவானை அழைப்பவர்கள்

சிலர் விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறார்கள். அரை மணி நேரம் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு மல்லாந்து படுத்து, கை கால்களைத் தளரவிட்டு, மூக்கு அரித்தாலும் சொறியாமல், புரண்டு படுக்கத் தோன்றினாலும் புரளாமல் கிடக்கிறார்கள். உடம்பு தூங்கிவிட வேண்டும், மனம் மட்டும் விழித்திருக்க வேண்டும். அதுதான் குறி. சற்று நேரத்தில் காதுக்குள் இரைச்சல் கிளம்புகிறது, உடம்பெங்கும் ஓர் அதிர்வு பரவுகிறது. கையைத் தூக்கிப் பார்த்தால் தூக்க முடியவில்லை. அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை பாடும். அங்கிருந்து மனத்தாலேயே உருண்டு கட்டிலைவிட்டு வெளியேறலாம், கூரையோரம் மிதந்தபடி கீழே கிடக்கும் தன் உடம்பைத் தானே பார்க்கலாம் என்று அவர்கள் நம்புகிறார்கள். பார்த்ததாகச் சொல்பவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

நம் பாட்டிகளிடம் இதைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார்கள். தூக்கத்தில் அமுக்குவான் வந்து நெஞ்சில் உட்காரக் கூடாதே என்று பிள்ளைகளின் தலைமாட்டில் இரும்பையும் விளக்குமாற்றையும் வைத்தவர்கள் அவர்கள். விபூதி பூசி, வேப்பிலை செருகி, விரட்டிவிட வேண்டிய ஒன்றை ஒருவன் வலிய வரவழைப்பானா என்று கேட்பார்கள். ஆனால் பாட்டி விரட்டியதும் இவர்கள் அழைப்பதும் ஒன்றேதான். மருத்துவர்கள் அதைத் தூக்க முடக்கம் என்கிறார்கள். விழிப்பு வந்துவிட்டது, கண் அசைகிறது, அறை தெரிகிறது. உடம்பு மட்டும் சொல்பேச்சு கேட்பதில்லை. கத்தினால் சத்தம் வருவதில்லை. அறையில் யாரோ நிற்பதாகத் தோன்றுகிறது, மார்பின் மேல் பாரம் இறங்குகிறது. சில நொடிகள், மிஞ்சிப்போனால் சில நிமிடங்கள், பிறகு விட்டுவிடுகிறது.

இது அரிய நோயன்று. ஷார்ப்லெஸ், பார்பர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை வந்திருந்த 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பொதுமக்களில் 7.6 சதவீதம் பேர் வாழ்வில் ஒருமுறையாவது இதைக் கண்டிருக்கிறார்கள். மாணவர்களில் 28.3 சதவீதம். மாணவர்களின் எண் ஏன் இப்படி எகிறுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மறுபடி வருவோம்.

கூடு விட்டுக் கூடு பாய்வது தமிழனுக்குப் புதிய செய்தியில்லை. மாடு மேய்க்கும் மூலனின் உடலுக்குள் புகுந்த சித்தர்தான் திருமூலர் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இன்று உலகெங்கும் பேசப்படும் 'சூட்சும உடல் பயணம்' என்ற கருத்து இப்போதிருக்கும் வடிவத்தைப் பெற்றதில் பெரும்பங்கு பிரம்மஞான சபையுடையது. அதன் தலைமையகம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய சபையை பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1882இல் அடையாற்றங்கரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்து, பௌத்த நூல்களிலிருந்தும் மேலைநாட்டு மறைஞான மரபிலிருந்தும் எடுத்த கருத்துகளைப் பிசைந்து, பருவுடலுக்குள் ஒரு சூட்சும உடல், அதற்கென்று ஓர் உலகம் என்று அவர்கள் எழுதினார்கள். சபையின் முக்கியப் பேச்சாளரான லெட்பீட்டர் 1895இல் அந்த உலகத்தைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

அடுத்த தலைமுறை செய்முறை கேட்டது. சில்வன் மல்டூன் என்ற அமெரிக்கர் ஹியர்வார்ட் காரிங்டனுடன் சேர்ந்து 1929இல் சூட்சும உடலை வெளியேற்றுவது எப்படி என்று புத்தகம் போட்டார். வர்ஜீனியாவில் வானொலி வணிகம் செய்துவந்த ராபர்ட் மன்றோ தனக்கு 1958இலிருந்து நேர்ந்ததை 1971இல் நூலாக்கினார். பின்னால் வந்த பயிற்சியாளர்கள் பெரும்பாலும் அவர் வழி வந்தவர்கள். கண்ணுக்குத் தெரியாத கயிற்றைப் பிடித்து ஏறுவதாக நினை, கட்டிலிலிருந்து உருள்வதாக நினை என்று சொல்லும் முறைகள் வேறுபடும். அடியில் இருக்கும் மூன்று சேர்க்கைகள் மாறுவதில்லை: தூக்கத்தைப் பாதியில் உடைப்பது, மல்லாந்து படுப்பது, அசையாமல் விழிப்பைப் பிடித்துவைத்திருப்பது. மந்திரம், தியானம், கயிறு எல்லாம் இவற்றின் மேல் போர்த்திய துணி. வேலை செய்வது இந்த மூன்றும்தான். இவற்றில் முதலாவதை ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஜப்பானில் தூக்க முடக்கத்துக்கு 'கனாஷிபாரி' என்று பெயர், வீட்டுக்கு வீடு தெரிந்த சொல். டோமோகா டகேயுச்சி, கசுஹிகோ ஃபுகுடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். 16 பேர், ஆளுக்கு நான்கு இரவுகள். தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் மின்முனை ஒட்டித் தூங்கவிட்டார்கள். கனவுத் தூக்கம் ஒரு சுற்று முடிந்து, கனவுத் தூக்கம் அல்லாத அடுத்த தூக்கத்தில் 40 நிமிடம் கழிந்ததும் எழுப்பினார்கள். 60 நிமிடம் விழித்திருக்கச் செய்து மறுபடி படுக்கவைத்தார்கள். வழக்கமாகத் தூங்கப்போனால் கனவுத் தூக்கம் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். இப்படி உடைத்துத் தூங்கியவர்களுக்கோ 71.9 சதவீதம் முறை, கண் சொக்கியவுடனே கனவுத் தூக்கம் வந்து நின்றது. மொத்தம் ஆறு முறை முழு முடக்கம் ஏற்பட்டது, அதாவது 9.4 சதவீதம். ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் அந்த முந்திக்கொண்டு வந்த கனவுத் தூக்கத்திலிருந்தே பிறந்தவை.

இந்த எண்களை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். பேய் பிசாசு எதுவும் இல்லாமல், கடிகாரத்தை வைத்தே அமுக்குவானைக் கூப்பிட முடியும் என்பது ஒன்று. கைதேர்ந்த ஆய்வாளர்கள், மூளை அலைகளைப் பார்த்துச் சரியான நொடியில் எழுப்பியே பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை என்பது இன்னொன்று. ஏழு நாளில் உடலைவிட்டு வெளியேறலாம் என்று வகுப்பு நடத்துபவர்களிடம் பணம் கட்டும் முன் இந்த இரண்டாவதை நினைத்துக்கொள்வது நல்லது.

கனவுத் தூக்கம் என்று நான் சொல்வது, இமைக்குள் விழிகள் வேகமாக ஓடும் அந்தக் கட்டத்தை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் அதை அடையாளம் கண்டார்கள். அந்நேரம் மூளை விழிப்பில் இருப்பதற்கு நிகராகப் பரபரக்கிறது, ஆனால் உடம்பின் தசைகள் துவண்டுபோயிருக்கின்றன. பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சிதைத்துப் பார்த்தார். அந்தப் பூனைகள் தூங்கிக்கொண்டே எழுந்து இல்லாத இரையைத் துரத்தின. கனவில் ஓடும்போது கால் ஓடாமல் இருப்பதற்கு மூளைத்தண்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பது அதிலிருந்து தெளிவானது. கிளைசின், காபா என்ற இரு வேதிப்பொருள்கள் முதுகுத்தண்டில் தசைகளை இயக்கும் நரம்புகளை அடக்கிவைக்கின்றன. ராத்திரி எல்லோரும் படுத்தபின் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு தூங்கப்போகும் வீட்டுப் பெரியவர் செய்வதைத்தான் மூளைத்தண்டு செய்கிறது. அவர் எழுவதற்கு முன் நாம் எழுந்துவிட்டால் கதவு திறக்காது. திருடன் வந்ததாக அர்த்தமில்லை.

மார்பில் ஏறும் பாரத்துக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. இந்தப் பூட்டு உதரவிதானத்தையும் கண் தசைகளையும் விட்டுவைக்கிறது. அதனால் மூச்சு நிற்பதில்லை, கண்ணும் அசைகிறது. ஆனால் விலா எலும்புகளுக்கிடையேயான தசைகள் பூட்டுக்குள் மாட்டிக்கொள்கின்றன. பயந்துபோய் மூச்சை ஆழ இழுக்க முயலும்போது நெஞ்சுக்கூடு விரிய மறுக்கிறது. வேண்டிய அளவு காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது, இழுக்கும் முயற்சி மட்டும் தோற்கிறது. அந்தத் தோல்வியை மனம் நெஞ்சின் மேல் ஏறிய கனமாக வாசிக்கிறது. கனவு பாதி கலையாமல் நிற்பதால் கனத்துக்கு ஓர் உருவமும் சேர்ந்துவிடுகிறது.

இனி சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்துக்கு வருவோம். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய இந்த ஊரில், காலை வேளையில் கம்பெனி பஸ்கள் இறக்கிவிட்டுப்போகும் ஆட்களைப் பாருங்கள். தெற்கே மறைமலைநகர், மேற்கே ஒரகடம், கிழக்கே சிறுசேரி. தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்தவர்களும், அமெரிக்காவின் பகலுக்குக் கணினி முன் உட்கார்ந்தவர்களும் வெயில் ஏறும் நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, எட்டு மணிக்குப் படுக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தரைக்கு கேஸ் சிலிண்டர் வருகிறது. அவர் எழுந்து கையெழுத்துப் போட்டு, காலிச் சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்து, எழுந்ததுதான் எழுந்தோம் என்று ஒரு போன் பேசி, பதினொன்றரைக்கு மறுபடி மல்லாந்து விழுகிறார். ஜப்பானிய ஆய்வகத்தின் அட்டவணை ஏறக்குறைய இதுதான். போதாததற்கு, உடலின் நாள்கடிகாரம் கனவுத் தூக்கத்தை விடியலுக்கும் முற்பகலுக்கும் ஒதுக்கிவைத்திருக்கிறது. காலையில் படுப்பவரைக் கனவு சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

வேறு நாட்டில் ஒருவர் புத்தகம் படித்து, பயிற்சி செய்து அடையத் துடிக்கும் நிலை, இங்கே சம்பளத்தோடு சேர்த்து வந்து இறங்குகிறது. கேட்காமலே வருவதால் அது பயணமாகத் தெரிவதில்லை, பேயாகத் தெரிகிறது. வாடகை வீட்டில் ஏதோ இருக்கிறது என்று வீடு மாற்றுபவர்கள்கூட உண்டு. மாணவர்களின் 28.3 சதவீதத்துக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்: தேர்வுக்கு முந்தைய இரவுகள், அறை நண்பர்களோடு விடிய விடியப் பேச்சு, வகுப்புக்கு மட்டம் போட்டுப் பகல் தூக்கம்.

சரி, உடலைவிட்டு வெளியேறுவது? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆலன் செய்ன் தூக்க முடக்கம் கண்டவர்களின் அனுபவங்களைப் பெருமளவில் திரட்டி அலசினார். அவை மூன்று கொத்துகளாகப் பிரிந்தன. அறைக்குள் யாரோ நுழைந்த உணர்வு ஒன்று. நெஞ்சில் ஏறி அமுக்குவது இரண்டாவது. மிதப்பது, விழுவது, சுழல்வது, உடலைவிட்டு விலகுவது எல்லாம் சேர்ந்தது மூன்றாவது. முதல் இரண்டும் பயத்தோடு கைகோத்து வந்தன. மூன்றாவதில் பயம் குறைவு, சிலருக்குப் பேரின்பமே கிட்டியது. பயிற்சியாளர்கள் தேடுவது இந்த மூன்றாவதை. கனவுத் தூக்கத்தில் மூளைத்தண்டின் சமநிலை உணர்வு மையங்கள் தாமாகவே துடிக்கின்றன. உடல் கிடக்கிறது, ஆனால் நகர்வதாகச் செய்தி போகிறது. கையை அசை என்ற கட்டளை புறப்படுகிறது, கை அசைந்ததற்கான பதில் திரும்பி வருவதில்லை. இந்த முரண்களைத் தீர்க்க மூளை கண்டுபிடிக்கும் வழி, 'நான் இங்கே இல்லை, அங்கே இருக்கிறேன்' என்பது.

இது வெறும் ஊகமில்லை என்று காட்டியது 2002இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை. மருந்துக்கு அடங்காத வலிப்பு கொண்ட 43 வயதுப் பெண் ஒருவருக்கு ஜெனீவாவில் அறுவைக்கு முந்தைய ஆய்வு நடந்தது. ஓலாஃப் பிளாங்கேயின் குழு அவர் மூளையின் மேற்பரப்பில் மின்முனைகளை வைத்து, இடம் இடமாக மெல்லிய மின்னோட்டம் செலுத்தியது. வலப்பக்கக் காதுக்கு மேலே சற்றுப் பின்னால், கோண மடிப்பு எனப்படும் பகுதியைத் தொட்டபோது, படுக்கைக்குள் அமிழ்வதாகவும் உயரத்திலிருந்து விழுவதாகவும் சொன்னார். மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டியதும், படுக்கையில் கிடக்கும் தன்னை மேலேயிருந்து பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் முழு உடம்பும் தெரியவில்லை, கால்களும் இடுப்புப் பகுதியும் மட்டும். மறுபடி செலுத்தியபோது கூரையருகே, கட்டிலுக்கு இரண்டு மீட்டர் மேலே மிதந்தார். உன் கால்களைப் பார் என்றபோது அவை குட்டையாகிக்கொண்டே போயின. மடக்கிய கால்கள் தன் முகத்தை நோக்கி வேகமாக வருவதாகத் தோன்றித் தலையை விலக்கிக்கொண்டார். மின்னோட்டம் நின்றதும் எல்லாம் நின்றது.

கண், தொடு உணர்வு, உள்காதின் சமநிலை மூன்றும் வந்து கலந்து 'இதுதான் நான், இங்கேதான் இருக்கிறேன்' என்ற வரைபடம் எழுதப்படும் இடம் அது. ஆரோக்கியமானவர்களிடமும் அதைக் குழப்ப முடியும். ஹென்ரிக் எர்சன் 2007இல் செய்த சோதனையில், ஒருவரின் முதுகுக்குப் பின்னால் கேமரா வைத்து, அது காட்டும் படத்தை அவர் கண்முன் கண்ணாடித் திரையில் ஓடவிட்டார். அவர் மார்பைக் குச்சியால் தொடும் அதே நேரம் கேமராவுக்குக் கீழேயும் இன்னொரு குச்சி அசையும். சற்று நேரத்தில் அவர் தன் உடம்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதாக உணர்ந்தார். கேமராவுக்குக் கீழே வெற்றிடத்தில் சுத்தியலை ஓங்கியபோது அவருடைய தோல் பயத்தில் வியர்த்தது.

அப்படியானால் உண்மையிலேயே ஏதாவது வெளியே போகிறதா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதை நேர்மையாகச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் சார்லஸ் டார்ட், அடிக்கடி உடலைவிட்டு வெளியேறுவதாகச் சொன்ன ஓர் இளம்பெண்ணை ஆய்வகத்தில் தூங்கவைத்து, படுத்தால் தெரியாத உயரத்தில் ஐந்து இலக்க எண் ஒன்றை வைத்தார். 1968இல் வந்த அவர் கட்டுரைப்படி, நான்காம் இரவில் அந்தப் பெண் 25132 என்று சரியாகச் சொன்னார். உலகம் இன்றும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் எண்ணுக்கு மேலே இருந்த கடிகாரத்தின் முகப்பில் அது பிரதிபலித்திருக்கக்கூடும் என்பதையும் டார்ட் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார், அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவியாக இருந்த சூசன் பிளாக்மோர் 1970இல் தன் உடலைவிட்டு வெளியேறிய அனுபவத்தால் ஈர்க்கப்பட்டு, அது ஆவிப்பயணம்தான் என்று நிறுவவே ஆராய்ச்சிக்கு வந்தார். பல ஆண்டுத் தேடலில் சான்று கிடைக்காததால் முடிவை மாற்றிக்கொண்டார். என் தீர்ப்பும் அதுதான். அனுபவம் மெய். அதைக் கண்டவர் பொய் சொல்லவில்லை. வெளியேறுவது மட்டும் நடக்கவில்லை.

அறைக்குள் நிற்கும் அந்த நிழலுருவத்தைப் பற்றி ஒரு தமிழர் சொன்ன கருத்து எனக்கு மிகவும் பிடித்தமானது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, இல்லாத கையில் வலி காண்பவர்கள் சிலருக்கு முகம் பார்க்கும் சாதாரணக் கண்ணாடியால் நிவாரணம் தந்த வி.எஸ். ராமச்சந்திரன், பாலண்ட் ஜலாலுடன் சேர்ந்து 2014இல் அதை எழுதினார். உடம்பின் உருவரை நம் வலப்பக்க மூளையில் பிறவியிலேயே பதிந்திருக்கிறது. முடக்கத்தில் அந்த உருவரை தன் உடம்போடு பொருந்தாமல் தளர்ந்து வெளியே வீசப்படுகிறது. கட்டிலருகே நிற்பதாகத் தெரியும் ஆள் வேறு யாருமல்ல, நாமேதான் என்கிறார்கள். இது இன்னும் கருதுகோள் மட்டுமே, மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனாலும் பல நாடுகளில் அந்த உருவம் மனித வடிவ நிழலாகவே தெரிகிறது என்ற புதிருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த ஜலால் டென்மார்க்கையும் எகிப்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவர். எகிப்தில் பலர் இதை ஜின்னின் வேலை என்று நம்புகிறார்கள். அங்கே முடக்கம் அடிக்கடி வந்தது, நீண்ட நேரம் நீடித்தது, செத்துவிடுவோம் என்ற பயமும் கூடுதலாக இருந்தது. பயம் தூக்கத்தைக் கலைக்கிறது, கலைந்த தூக்கம் முடக்கத்தைக் கூட்டுகிறது, அது பயத்தை உறுதிசெய்கிறது. பிள்ளைக்கு நாம் சொல்லும் பேய்க்கதை அந்தப் பிள்ளையின் நரம்புமண்டலம் வரை போகிறது என்பது எனக்குக் கவலை தரும் செய்தி.

இந்த வளையத்தை அறுக்க ஜலால் 2016இல் ஒரு வழிமுறையை முன்வைத்தார். முடக்கம் வந்ததும், இது தூக்கத்தின் ஒரு விளைவு, கடந்துபோகும் என்று தனக்குச் சொல்லிக்கொள்வது. பயப்பட எதுவுமில்லை என்று மனத்தை ஒதுங்கி நிற்கவைப்பது. பிடித்த ஒன்றை, இறைவனின் பெயரோ ஒரு நல்ல நினைவோ, உள்ளுக்குள் பற்றிக்கொண்டு கவனத்தை அதில் நிறுத்துவது. உடம்போடு மல்லுக்கட்டாமல், மூச்சைக் கட்டுப்படுத்த முயலாமல் தளர்ந்து கிடப்பது. 2020இல் இத்தாலியில் நார்கோலெப்சி என்ற தூக்க நோய் உள்ளவர்கள் பத்துப் பேரிடம் செய்த சிறு முன்னோட்ட ஆய்வில், இதைப் பழகியவர்களுக்கு முடக்கம் வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தன. பெரிய அளவில் உறுதியாக வேண்டிய முடிவுதான். செலவும் கெடுதியும் இல்லாதது என்பதால் இப்போதே கடைப்பிடிக்கலாம்.

ஜலாலின் வழிமுறையைப் படித்தபோது 1896 ஜூலையில் மதுரையில் நடந்தது நினைவுக்கு வந்தது. வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனைச் சிற்றப்பா வீட்டு மாடியில் திடீரென்று மரண பயம் கவ்வியது. அவன் ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போலக் கை கால்களை நீட்டி விறைத்துப் படுத்து, வாயை இறுக மூடி, செத்துப்போவது எது என்று உள்ளே பார்த்தான். சில வாரங்களில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை சேர்ந்த அவரைத்தான் ரமண மகரிஷி என்கிறோம். அது தூக்க முடக்கம் அல்ல. அவர் முழு விழிப்பில் இருந்தார், உடம்பை விறைக்கவைத்தது அவரே. ஆன்மிக அனுபவத்தை மூளை வரைபடத்துக்குள் அடக்கிவிடும் அவசரமும் எனக்கில்லை. அசைவற்ற உடலில் பயம் எழும்போது அதோடு போராடாமல் நின்று பார்க்க முடியும் என்பதற்கு நம் மண்ணில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன். மிதந்துபோக விரும்பி அலாரம் வைப்பவர்கள் கூரையைத் தேடுகிறார்கள், அந்தப் பையன் கூரையைத் தேடவே இல்லை.

அலாரம் வைத்துப் பழகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. நல்ல உடல்நலம் உள்ளவர், விடுமுறை நாளில் ஒருமுறை முயன்றால் கேடு வந்துவிடாது. வாரக்கணக்கில் தூக்கத்தை உடைத்துப் பழகுவது வேறு விஷயம். தூக்கம் கெட்டால் வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பு வரலாம், இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு மனக்கிளர்ச்சி மூண்டுவிடலாம். மனச்சிதைவு உள்ளவர்களோ, குடும்பத்தில் அது உள்ளவர்களோ கிட்டவே போகக் கூடாது. மறுநாள் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டப்போகிறவரும் இதில் இறங்க வேண்டாம்.

கேட்காமலே முடக்கம் வந்து அவதிப்படுபவர்கள் மல்லாந்து படுப்பதை விட்டு ஒருக்களித்துப் படுங்கள். படுக்கும் நேரத்தை, அது பகலாகவே இருந்தாலும், நாளுக்கு நாள் மாற்றாதீர்கள். ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் வீட்டில் இருந்தால், சிலிண்டர்காரருக்கு நீங்கள் போய்க் கதவைத் திறங்கள், அவரை எழுப்பாதீர்கள். முடக்கத்தோடு கூட, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வருவதும், வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவண்டு விழுவதும் இருந்தால் அது நார்கோலெப்சியாக இருக்கலாம். விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஓரெக்சின் என்ற பொருள் மூளையில் குறைவதால் வரும் நோய் அது. தூக்க ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவும் மறுநாள் பகலும் சோதித்துக் கண்டுபிடித்துவிடலாம், மருந்தும் இருக்கிறது. மந்திரிக்க அழைத்துப்போகும் முன் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.